நாளையிலிருந்து ஒழுங்காக இருப்பேன் என்று மனசு ஏன் சொல்கிறது?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு ரத்த அழுத்தம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் பாதி நாள் போடுவதில்லை. கேட்டால் நாளையிலிருந்து ஒழுங்காகப் போடுகிறேன் என்கிறார். சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். எல்லாம் தெரிந்தும் ஏன் இப்படி?"

நம் ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். விழிப்புணர்வு போதவில்லை என்பது ஒன்று, பொறுப்பில்லாத ஆள் என்பது இன்னொன்று. இரண்டுமே பெரும்பாலும் தவறு. நடத்தைப் பொருளியல் என்ற துறையில் கடந்த சில பத்தாண்டுகளாக இதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், அதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று சென்னையில், சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்களிடம் நடந்தது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டாக வேண்டும்.

இன்று கையில் இருக்கும் நூறு ரூபாய், அடுத்த வருடம் கிடைக்கப்போகும் நூறு ரூபாயைவிட ஒசத்தி. வட்டிக் கணக்கு போட்ட எல்லோருக்கும் இது தெரியும். 1937இல் பொருளியலாளர் பால் சாமுவேல்சன் இதற்கு ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார்: ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் மதிப்பு ஒரே விகிதத்தில் குறையும், கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போட்டால் வருவது அதுதான். மனிதர்கள் நிஜமாகவே இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள் என்று அவரே அடித்துச் சொல்லவில்லை. ஆனால் சூத்திரம் வசதியாக இருந்ததால் பாடப்புத்தகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. இந்தச் சூத்திரப்படி இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி என்பது மட்டும்தான் கணக்கு. அதனால் இன்று போட்ட திட்டத்தை, அந்த நாள் வரும்போது மாற்ற வேண்டிய தேவையே வராது.

சரி, இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். இன்று ஆயிரம் ரூபாய் வேண்டுமா, நாளை ஆயிரத்து நூறு வேண்டுமா? நிறையப் பேர் இன்றே கொடுத்துவிடு என்பார்கள். 365 நாள் கழித்து ஆயிரமா, 366 நாள் கழித்து ஆயிரத்து நூறா? ஒரு வருடம் காத்திருந்தவனுக்கு இன்னொரு நாள் என்ன பெரிசு, ஆயிரத்து நூறே கொடு என்பார்கள். இரண்டிலும் இடைவெளி ஒரே ஒரு நாள். பதில் மட்டும் தலைகீழ்.

இங்கேதான் 1997இல் பொருளியலாளர் டேவிட் லைப்சன் பிரபலமாக்கிய இன்னொரு கணக்கு முறை உதவிக்கு வருகிறது. அது இவ்வளவுதான்: இன்றைக்கு முழு மதிப்பு. இன்று அல்லாத எதற்கும், நாளையாக இருந்தாலும் அடுத்த வருடமாக இருந்தாலும், முதலிலேயே ஒரு வெட்டு விழும். பாதி என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் நடுவே அப்படி ஒரு வெட்டு கிடையாது. இன்றுக்கும் நாளைக்கும் நடுவே மட்டும்தான் அந்த வெட்டு இருக்கிறது.

இதை வைத்து ஒருவருடைய வாரத்தை நடத்திப் பார்க்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் குடித்தால் அன்று கிடைக்கும் சுகம் 100 புள்ளி. மறுநாள் தலைவலி, போன கூலி, வீட்டுச் சண்டை எல்லாம் சேர்ந்து 150 புள்ளி நஷ்டம். திங்கட்கிழமை அவர் உட்கார்ந்து சனிக்கிழமையை நினைக்கிறார். சுகம், நஷ்டம் இரண்டுமே எதிர்காலம், இரண்டுக்கும் வெட்டு உண்டு. 50 சுகம், 75 நஷ்டம். குடிக்கக் கூடாது என்று முடிவு செய்கிறார், மனப்பூர்வமாக. சனிக்கிழமை வருகிறது. இப்போது சுகம் இன்றைக்கு, அதனால் முழு 100. நஷ்டம் நாளைக்கு, அது அதே 75. கடைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அடுத்த சனிக்கிழமையை நினைக்கிறார், மறுபடி 50க்கு 75, இனிமேல் தொடமாட்டேன் என்கிறார்.

இந்தக் கணக்கில் திங்கட்கிழமை சொன்னதும் உண்மை, சனிக்கிழமை செய்ததும் உண்மை. நடுவில் அவருக்குப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை, எதுவும் மறந்துபோகவில்லை, ஆசையும் மாறவில்லை. நாள்காட்டி மட்டும் நகர்ந்திருக்கிறது. அந்த ஒரு வெட்டு மட்டுமே ஒரு மனிதரை ஒவ்வொரு வாரமும் இரண்டு ஆளாகப் பிரித்துவிடுகிறது! மாத்திரைக்கும் இதே கணக்குதான். தலைசுற்றலும், அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கப் போகும் தொல்லையும் இன்றைக்கு. தவிர்க்கப்பட்ட பக்கவாதம் என்றைக்கோ, அதுவும் கண்ணுக்கே தெரியாது.

இதிலிருந்து இன்னொன்றும் கிளைக்கிறது. அந்த மனிதருக்குத் தன் சனிக்கிழமை புத்தி தெரிந்திருந்தால் என்ன செய்வார்? திங்கட்கிழமையே கையைக் கட்டிப்போட்டுக்கொள்ள விரும்புவார். திங்கட்கிழமைக் கணக்கில் குடிக்காமல் இருப்பதால் 25 புள்ளி லாபம், ஆகவே அதற்காகக் கொஞ்சம் காசு விட்டுக்கொடுக்கக்கூடத் தயாராக இருப்பார். பழைய சூத்திரத்தில் இது நடக்கவே முடியாத காரியம். அங்கே தேர்வுகள் கூடினால் ஒருவருக்கு நன்மைதான், யாரும் காசு கொடுத்துத் தன் வாய்ப்பைக் குறைத்துக்கொள்ள மாட்டார். ஆக, எந்தச் சூத்திரம் சரி என்று பார்க்க அருமையான சோதனை கிடைத்துவிட்டது: தன் கையைத் தானே கட்டிக்கொள்ள விலை கொடுக்கும் ஜீவன் ஏதாவது உண்டா?

முதலில் கிடைத்தது புறா. 1974இல் ஜார்ஜ் ஐன்ஸ்லி வெளியிட்ட ஆய்வில், ஒரு பொத்தானைக் கொத்தினால் உடனே கொஞ்சம் தீனி, கொத்தாமல் பொறுத்தால் சற்று நேரத்தில் நிறையத் தீனி. புறாக்கள் கிட்டத்தட்ட எப்போதுமே கொத்திவிட்டன. பிறகு, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வேறு நிறத்தில் ஒரு பொத்தானை வைத்தார்கள். அதைக் கொத்திவிட்டால் அந்தச் சபலப் பொத்தான் வராது. பத்துப் புறாக்களில் மூன்று விடாமல் அதைக் கொத்தக் கற்றுக்கொண்டன.

அப்புறம் சென்னை. பொருளியலாளர் ஃபிராங்க் ஷில்பாக் 229 சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. ஓட்டுநர்கள் தினமும் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். ஒரு பிரிவினருக்கு எப்படி வந்தாலும் 90 ரூபாய். இன்னொரு பிரிவினருக்குக் குடித்திருந்தால் 60, குடிக்காமல் வந்தால் 120. மூன்றாவது பிரிவினரிடம், உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டார்கள். அதில் ஒரு கேள்வியை மட்டும் கவனியுங்கள்: குடித்தால் 60, குடிக்காவிட்டால் 120 என்ற ஏற்பாடு வேண்டுமா, இல்லை எப்படி வந்தாலும் 120 வேண்டுமா? காசை மட்டும் பார்த்தால் இரண்டாவதைத் தவிர வேறு எதையும் எடுக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் குடியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டுக்காகக் காசை இழக்கத் தயாராக இருந்தவர்கள் பாதிக்கும் மேல்.

"அவன் திருந்த மாட்டான், அவனுக்கே ஆசை இல்லை" என்று தினமும் எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம்! கூலிக்கு மிதிக்கும் ஒருவர், தன்னைக் கட்டிப்போடச் சொல்லித் தன் வருமானத்தையே விட்டுக்கொடுக்கிறார். ஆசை இல்லாமலா?

ஆய்வு முடிவுகளை அப்படியே சொல்லிவிட வேண்டும். பகல் நேரக் குடி குறைந்தது. மொத்தக் குடி குறையவில்லை, இரவுக்குத் தள்ளிப்போனது. சம்பாத்தியத்திலும் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் சேமிப்பு கணிசமாக உயர்ந்தது. பகலில் தெளிவாக இருந்தவர் அதே வருமானத்தில் அதிகம் எடுத்து வைத்தார். குடி வெறும் விளைவு மட்டுமல்ல, அந்த வெட்டை இன்னும் ஆழமாக்கும் காரணமும் அதுவே என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நம் மக்கள் இந்தப் பொருளியலை எந்த நூலும் படிக்காமலே வைத்திருக்கிறார்கள். தீபாவளிச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் கட்டி, வருடக் கடைசியில் பட்டாசும் பலகாரப் பெட்டியும் வெள்ளிக் காசுமாகத் திரும்ப வாங்குகிறோம். வங்கியில் போட்டால் வட்டி வருமே என்று படித்த பிள்ளைகள் அம்மாக்களிடம் சண்டை போடுவார்கள். அம்மாவுக்குத் தெரியும், வங்கியில் கிடக்கும் பணத்தை ஆடித் தள்ளுபடியில் எடுத்துவிடலாம், சீட்டுக்காரரிடம் போனதை எடுக்க முடியாது. அது மட்டுமில்லை, தெருவில் நாலு பேர் சேர்ந்து கட்டும் சீட்டில் ஒரு மாதம் தவறினால் முகத்தில் முழிக்க முடியாது. இந்த மானம் மரியாதையும் ஒரு கயிறுதான். மனிதர் காசை மட்டும் பார்ப்பதில்லை, பங்கு நியாயமாக இருக்கிறதா, மற்றவர் என்ன நினைப்பார் என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறார். ஒருவர் தொகையைப் பங்கு பிரிக்க வேண்டும், மற்றவர் வேண்டாம் என்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை என்ற விளையாட்டை உலகம் முழுக்க ஆடிப் பார்த்திருக்கிறார்கள். பங்கு மிகவும் குறைவாக இருந்தால், வருவதையும் உதறிவிட்டு எழுந்து போகிறவர்கள் பெரும்பாலான ஊர்களில் உண்டு. வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் 20 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை வைத்து ஆடியபோது, தொகை பெரிதாகப் பெரிதாக அந்த மறுப்பு கரைந்துபோனது. மானத்துக்கும் ஒரு விலை உண்டு, ஆனால் அது சின்ன விலை இல்லை.

பயம் வேறு தினுசு. மலாவியில் ரெபெக்கா தார்ன்டன் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், எச்ஐவி பரிசோதனை செய்துகொண்டவர்களில், காசு எதுவும் தரப்படாதபோது, முடிவைக் கேட்க வந்தவர்கள் 34 சதவீதம்தான். ஒரு சின்னத் தொகைக்கான சீட்டைக் கொடுத்ததும் அது ஏறக்குறைய இரட்டிப்பானது. உயிரைப் பற்றிய செய்தியைக் கேட்க வைக்க அவ்வளவு கொஞ்சம் காசு போதும் என்றால், தடுத்துக்கொண்டிருந்தது பெரிய மலை எதுவும் இல்லை. நம் ஊரில் அந்தத் தயக்கத்துக்கு அஷ்டமி, நவமி, ஆடி மாதம் என்று சாஸ்திர உறை வேறு போட்டுவிடுகிறோம். மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் நல்ல நாள் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வாரக்கணக்கில் தள்ளுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு அடக்க முடியாத கோபம் வருகிறது, அவர்கள்மேல் இல்லை, அந்தப் பஞ்சாங்கத்தை நீட்டுகிறவர்கள்மேல்.

அப்போ என்ன செய்யலாம்? நஷ்டத்தை நாளைக்கும் லாபத்தை இன்றைக்கும் நகர்த்த வேண்டும். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் 134 கிராமங்களில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் சேவா மந்திர் அமைப்போடு சேர்ந்து செய்தது இதுதான். ஒன்றும் செய்யாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். தவறாமல் முகாம் நடத்திய கிராமங்களில் 18. முகாமோடு, ஊசிக்கு ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள் என்று கொடுத்த கிராமங்களில் 39. ஒரு கிலோ பருப்புக்காக யாரும் குழந்தையின் உயிரைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொள்வதில்லை. தடுப்பூசி வேண்டாம் என்ற பிடிவாதம் அங்கே இருக்கவில்லை, அடுத்த மாதம் போடலாம் என்ற எண்ணம்தான் இருந்தது, அதைத் தாண்ட பருப்பு போதுமானதாக இருந்தது. வந்த நர்ஸ் சும்மா உட்கார்ந்திருக்காமல் கூட்டத்துக்கு ஊசி போட்டதால், பருப்புச் செலவையும் சேர்த்து, ஒரு குழந்தைக்கான செலவு பாதியாகக் குறைந்தது.

வாசகியின் அப்பாவுக்கும் இதே வழியில் யோசிக்கலாம். பயமுறுத்துவதை விட்டுவிட்டு, மாத்திரைப் பட்டையைக் காலை காபி டவராவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். போட்டவுடன் பேரனுக்குப் போன் செய்யட்டும், அந்த ஒரு நிமிடப் பேச்சு இன்றைக்கே கிடைக்கும் லாபம். தலைசுற்றல்தான் காரணம் என்றால் மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள், அது இன்றைய நஷ்டத்தையே குறைத்துவிடும்.

ஆனால் காசையும் பரிசையும் எங்கே வேண்டுமானாலும் தூவிவிட முடியாது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில், தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் கூடியது. அதுவரை ஆசிரியையின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு ஓடி வந்தவர்கள், இப்போது காசு கொடுத்தாயிற்று என்று நிதானமாக வந்தார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. எந்த ஊரில் எந்தக் கயிறு வேலை செய்யும், எது அறுந்துபோகும் என்பதை மேஜையில் உட்கார்ந்து சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் இந்தத் துறைக்கு நம் அரசு தன் கைக்காசைப் போட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மது கேடு என்று பாட்டிலில் அச்சடிப்பதும், மதுக்கடையை மதியம் 12 மணிக்குத் திறப்பதும் நல்ல எண்ணத்தில் வந்தவையாகவே இருக்கட்டும், எது எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து பார்த்தால் என்ன? மாத்திரை விஷயத்தில் இதைத் தொடங்குவது ரொம்பச் சுலபம். ஒரு மாவட்டத்தில் குலுக்கல் முறையில் பாதி கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, மாத்திரையோடு ஏதாவது ஒரு சின்ன உடனடிப் பலனையும் கொடுங்கள். மீதிக் கிராமங்களில் வழக்கம்போல மாத்திரை மட்டும் போகட்டும். ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் ரத்த அழுத்தத்தை அளந்து வெளியிடுங்கள், வீடு வீடாகப் போக ஆட்களும் கருவிகளும் ஏற்கெனவே இருக்கிறார்கள்.