பரணில் இருப்பவருக்கு எந்தத் தொலைநோக்கி?

மார்கழி, தையில் கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வட்டைகளிலும் (வயல்வெளிகளிலும்) அம்பாறைப் பக்கத்து வயல்களிலும் இரவுக் காவல் தொடங்கிவிடும். பரணில் இருப்பவருக்கு உடனே தெரிய வேண்டியவை இரண்டு. இருட்டில் அசைவது யானையா, எருமையா? யானை என்றால் எத்தனை மீற்றருக்கு அப்பால் நிற்கிறது? 2003இல் வெளியான ஓர் ஆய்வில் ஆசிய யானைகளின் ஓட்டத்தைத் தாய்லாந்தில் அளந்தார்கள். கண்ட உச்ச வேகம் விநாடிக்கு 6.8 மீற்றர். அந்த வேகத்தில் 100 மீற்றரைக் கடக்க 15 விநாடி போதும். பரணை விட்டு இறங்கலாமா என்ற முடிவு அந்தத் தூரத்தில்தான் தங்கியிருக்கிறது.

இரண்டு கேள்விக்கும் உதவக்கூடியது, அளவுக்கோடு பொறித்த 7×50 தொலைநோக்கி. கடலோடிகளுக்கென்று செய்யப்படும் வகை இது. ஆனால் கடைக்குப் போனால் 20×50ஐத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பெரிய எண் என்பதால் வாங்குபவரும் மயங்கிவிடுவார். காவலுக்கு அது உதவாது. ஏன் என்பதற்குச் சிறிய கணக்கு ஒன்று உண்டு.

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 7×50இல் அது 7.1 மில்லிமீற்றர், 20×50இல் 2.5 மட்டுமே. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீற்றர் வரை விரியும். அந்தக் கண்ணுக்கு 20×50 காட்டும் காட்சி, 7×50 காட்டுவதை விட எட்டு மடங்கு மங்கல். பகலில் கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீற்றராகச் சுருங்கியிருப்பதால் இந்த வித்தியாசம் தெரியாது. கடைவாசலில் நன்றாகத் தெரிந்தது மைம்மலில், அதாவது பொழுதுபட்ட மங்கலில், கறுத்துப்போவது இதனால்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கண்மணி பெரும்பாலும் 5 மில்லிமீற்றருக்கு மேல் விரியாது. வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் அவர்களுக்கு 8×42 போதும், பாரமும் குறைவு. கை நடுக்கமும் இருபது மடங்காகும் என்பதால், தாங்குகால் இல்லாமல் 20×50ஐப் பிடித்து ஒரு கோட்டை வாசிக்கவே முடியாது.

வாங்குமுன் கருவியைக் கைநீட்டித் தூரப்பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்புங்கள். கண்வில்லையில் ஒரு ஒளிவட்டம் தெரியும். அடிமட்டத்தால் அதன் விட்டத்தை அளந்து, பெருக்க எண்ணால் பெருக்குங்கள். 7×50 என்று எழுதியதில் 5 மில்லிமீற்றர்தான் வந்தால், உள்ளே எங்கோ ஒளியை மறித்து 35 மில்லிமீற்றர் முன்வில்லையின் வேலையைத்தான் அது செய்கிறது. வட்டத்தின் ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால், உள்ளே ஒளியைத் திருப்பும் அரியங்கள் மலிவான கண்ணாடி. பின்னர் முன்வில்லையில் மின்குமிழின் பிரதிபலிப்பைப் பாருங்கள். பச்சை, ஊதா என்று மங்கலாகத் தெரிந்தால் பூச்சு உண்டு. வெள்ளையாகப் பளிச்சிட்டால் பூச்சு இல்லை: பூச்சற்ற ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடக்கும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

இனி அளவுக்கோடு. துப்பாக்கித் தொலைநோக்கிகளில் தூரம் கணிக்க இருக்கும் அதே மில் கோடுகள்தான் இவை. 1000 மீற்றரில் 1 மீற்றர் உயரமுள்ள பொருள் பிடிக்கும் கோணம் 1 மில். ஆகவே பொருளின் உயரத்தை மீற்றரில் எடுத்து, 1000ஆல் பெருக்கி, கோட்டில் வாசித்த மில்லால் வகுத்தால் தூரம். சில கருவிகளில் ஒரு பிரிவு 5 மில், சிலவற்றில் 10. கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம்: நாடா பிடித்து 100 மீற்றரில் ஒரு மீற்றர் தடியை நட்டுப் பாருங்கள், அது சரியாக 10 மில் காட்ட வேண்டும்.

யானையின் உயரத்தை எப்படி அறிவது? முன்காலின் சுற்றளவைப்போல ஏறத்தாழ இரு மடங்குதான் அதன் தோள் உயரம். காலையில் வரம்பில் பதிந்த முன்கால் தடத்தைக் கயிற்றால் சுற்றி அளந்தால் போதும். ஈரமான, ஆனால் இறுகிய மண்ணில் அளவெடுங்கள். சேற்றில் தடம் அகன்று உயரத்தைக் கூட்டிக் காட்டும். சுற்றளவு 1.3 மீற்றர் என்றால் உயரம் 2.6. வழக்கமாக வரும் தனியனுக்கு இந்த எண்ணை ஒருமுறை எடுத்துவிட்டால் அந்தப் போகம் முழுவதும் உதவும். இரவில் அது 13 மில் பிடித்தால், 2600ஐ 13ஆல் வகுக்க 200 மீற்றர். தலையைத் தூக்கினால் தோளை விட உயரும் என்பதால் தோளைத்தான் பார்க்க வேண்டும்.

வாசிப்பில் 1 மில் பிசகினால், 200 மீற்றர் என்பது 186இலிருந்து 217 வரை எங்கும் இருக்கலாம். 400 மீற்றரில் அதே பிசகு 347இலிருந்து 473 வரை போகும். 100 மீற்றரில் நாலு மீற்றர்தான். யானை நெருங்க நெருங்கக் கணக்குத் துல்லியமாவது நல்ல விடயம். ஆபத்தான பிழை வேறு. கால்கள் கதிருக்குள் 60 சென்ரிமீற்றர் மறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரிவது 2 மீற்றர் யானை. கோட்டில் 10 மில். கணக்கில் 260 மீற்றர். உண்மையில் அது 200இல் நிற்கிறது. மறைவு எப்போதும் யானையைத் தள்ளியே காட்டும், ஒருபோதும் கிட்டக் காட்டாது. பாதம் தெரியாவிட்டால் மறைந்த அளவை உயரத்திலிருந்து கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையை வாங்குவோர் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். கோடு முன்பக்கக் குவியத் தளத்தில் இருந்தால், காட்சியோடு சேர்ந்து கோடும் பெருக்கும். எந்தப் பெருக்கத்திலும் மில் மில்லாகவே இருக்கும். பின்பக்கத் தளத்தில் இருந்தால் கோடு மாறாமல் நிற்கக் காட்சி மட்டும் பெருக்கும். குறித்த ஒரு பெருக்கத்தில்தான் அளவு சரி. பதற்றமான நேரத்தில் எந்தப் பெருக்கத்தில் இருக்கிறது என்று யார் பார்ப்பது? மாறாத 7 மடங்கே நல்லது.

கடலோடி வகையில் கண்வில்லைகளைத் தனித்தனியாகத் திருப்பித் தெளிவாக்க வேண்டும். கோடு பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் இருக்கும். தூரத்து மரத்தை நோக்கி, கோடும் மரமும் ஒருசேரக் கூராகும்வரை திருப்புங்கள். பிறகு தலையை மெல்ல அசைக்கும்போது கோடு மரத்தின்மேல் நகர்ந்தால் இன்னும் சரியாகவில்லை. ஒருமுறை சரிசெய்து, அந்த இடத்தை நகப்பூச்சால் அடையாளமிட்டால் இருட்டில் தடவிக் குழப்ப வேண்டியதில்லை.

நைதரசன் நிரப்பி இறுக மூடிய வகையையே எடுங்கள். மற்றவற்றில் மாரி ஈரம் உள்ளே புகுந்து, வில்லையில் சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் படரும். அது பூச்சை அரித்த பின் துடைத்துப் பயனில்லை. தோற்பையில் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். தூசியைச் சாரத்தின் நுனியால் தேய்த்தால் மணல் பூச்சைக் கீறும். முதலில் ஊதி, பிறகு மென்துணி.

நிலவில்லாத இரவில் கறுத்த கோடு தெரியாது. சிவப்பு ஒளியூட்டம் உள்ள கோடு என்றால் வாசிக்கலாம், கண்ணின் இருட்டுப் பழக்கத்தையும் சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது. வெள்ளை டோச் ஒருமுறை முகத்தில் பட்டால் அந்தப் பழக்கம் திரும்ப அரைமணி நேரம் வரை ஆகும். ஆனால் யானையே நிழலாகத்தான் தெரியும் என்றால் எந்தக் கோடும் உதவாது. அதற்குத் தயாராக, வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடித்துவைக்கலாம். மின்வேலிக் கம்பம், வாய்க்கால் கதவு, வரம்போரத்து மருதமரம் என்று பரணிலிருந்து தெரியும் ஒவ்வொன்றையும் மாலையில் அளந்து, தூரத்தைப் பரணின் பலகையில் சுண்ணாம்பால் எழுதுங்கள். உயரம் 2 மீற்றர் என்று அளந்த கம்பம் 8 மில் பிடித்தால் 250 மீற்றர். இரவில் கறுப்பு உருவம் அந்தக் கம்பத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டதா என்று பார்த்தால் போதும்.