பட்டாவில் அம்மா பெயர் இருக்கிறதா?

குறுவைக்கு நாற்று விடும் நேரத்தில் டெல்டா கிராமங்களில் முதலில் வீட்டை விட்டு வெளியே போவது பெண்களின் நகைதான். தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போய், விதையாகவும் உரமாகவும் உழவுக் கூலியாகவும் வயலில் இறங்கிவிடும். அந்த வயலின் பட்டாவைப் பார்த்தால் கணவர் பெயரோ மாமனார் பெயரோ இருக்கும். சில வீடுகளில், காலமாகி முப்பது வருடம் ஆன தாத்தா பெயரே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். நாற்று பறித்து, நட்டு, களையெடுத்து, நெல்லைத் தூற்றிக் காயவைத்தவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

கணவர் உயிரோடு இருக்கும் வரை இது யாருக்கும் உறுத்துவதில்லை. அவர் போன மறு போகத்தில்தான் தெரியவரும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா (நிலம் யார் பெயரில், எவ்வளவு என்று காட்டும் பதிவு), அடங்கல் (அதில் என்ன பயிர் என்று காட்டும் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் கேட்பார்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லாத பயிர்க்கடனுக்கும் அதே சிட்டா வேண்டும். சம்பாவுக்கு விவசாயி காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் பிரீமியம் கட்டினால் போதும். அதற்கும் அதே காகிதம். வெள்ளத்தில் பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் வரும் நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வருபவர்களும் பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் தேடுவார்கள். இத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுபோக, சங்கத்தில் வட்டியில்லாமல் வாங்கியிருக்கக்கூடிய பணத்துக்கு அந்தப் பெண் குழுக்கடன்காரரிடம் வாராவாரம் வட்டி கட்டுகிறார். கடன் வலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பட்டாவைப் பற்றியும் பேச வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தெளிவாகப் பார்த்துவிடுவோம். இந்து குடும்பத்தில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த நிலம் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் எல்லோருக்கும் சமமாகப் போகும். 3 மா நிலம், அதாவது 300 குழி, ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். தாய், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருந்தால் ஆளுக்கு 60 குழி. அதே நிலம் சட்டப்படி பூர்வீகச் சொத்தாக இருந்தால் கணக்கே வேறு. அப்பாவும் மூன்று பிள்ளைகளும் நான்கு பங்குதாரர்கள். அப்பாவின் 75 குழி மட்டும்தான் ஐந்தாகப் பிரியும். பிள்ளைகளுக்கு ஆளுக்கு 90 குழி, மனைவிக்கு 15 குழி, தாய்க்கு 15 குழி. இந்த வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தவர்கள் நிறைய. ஆனால் ஊரில் பூர்வீகம் என்று சொல்வதெல்லாம் சட்டத்தின் கண்ணில் பூர்வீகம் ஆகிவிடாது. நிலம் எந்தப் பத்திரம் வழியாக, எந்த வருடம், யாருக்கு வந்தது என்று பார்த்துதான் சொல்ல முடியும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்கு விகிதம் தனி.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்ற திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது. அதில், 25.3.1989-க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு இடமில்லை. 2005 மத்தியத் திருத்தம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: 20.12.2004-க்கு முன்பே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையை இதை வைத்துத் திறக்க முடியாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நிலம் கை நழுவும் இடம், தன் பங்கை மற்ற வாரிசுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம். கருமாதிக்கு உறவெல்லாம் கூடியிருக்கும் வீட்டில், "தங்கச்சி ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா, பட்டா மாத்தத்தான்" என்று காகிதம் வரும். பட்டா மாற்ற விடுதலைப் பத்திரம் தேவையே இல்லை. பதிவு அலுவலகத்துக்குக் கூப்பிட்டாலே அது உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரமாக இருக்கலாம் என்று எச்சரிக்கையாகுங்கள். பதிவாகிவிட்டால் அதை ரத்து செய்வது மிகக் கடினம். கல்யாணத்துக்குச் சீர் செய்தாயிற்று, அதனால் பங்கு இல்லை என்பதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது. அண்ணன் உறவு அறுந்துபோகுமோ என்ற பயம் உண்மையானது. அதை நாங்கள் லேசாக நினைக்கவில்லை. விட்டுக்கொடுக்கத்தான் மனம் இருக்கிறது என்றால், என்ன மதிப்புள்ளதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து, ஆறு மாதம் கழித்து நிதானமாகக் கொடுங்கள்.

பட்டா மாறுதல் வேலையை இந்த வரிசையில் செய்தால் அலைச்சல் குறையும். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து இன்றைய பட்டாவை இறக்கிக்கொள்ளுங்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும்; 0 - 40.50 என்றால் ஒரு ஏக்கர். பெயருக்குப் பக்கத்தில் யாருடைய மகன், யாருடைய மனைவி என்பதையும் எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள். பிறகு வில்லங்கச் சான்று போட்டு, தெரியாத அடமானமோ கிரயமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து இறப்புச் சான்று, அதை வைத்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று. பட்டா தாத்தா பெயரிலேயே நின்றிருந்தால் இரண்டு தலைமுறைக்கும் இந்த இரண்டு சான்றும் வேண்டும். இறப்பைப் பதியாமலே ஒரு வருடம் தாண்டியிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும்.

பெரும்பாலும் சிக்குவது வாரிசுச் சான்றில்தான். கட்டிக்கொடுத்த மகளின் பெயரை "அவங்கதான் போயிட்டாங்களே" என்று விட்டுவிடுவார்கள். இறந்தவரின் தாயையும் மறந்துவிடுவார்கள். ஆதாரில் ராமசாமி, பத்திரத்தில் இராமசாமி, இறப்புச் சான்றில் ஆர். சாமி என்றிருந்தால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். விண்ணப்பிப்பதற்கு முன் எல்லாக் காகிதத்தையும் ஒரே பாயில் பரப்பி, பெயர்களை ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள்.

இவையெல்லாம் கையில் வந்ததும் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். பாகம் பிரிக்கும் பேச்சை இதோடு சேர்க்காதீர்கள். உட்பிரிவு என்று போட்டால் சர்வேயர் அளக்க வர வேண்டும், பங்காளிகள் ஒத்துவர வேண்டும், வருடங்கள் ஓடிவிடும். முதலில் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கிவிடுங்கள். கூட்டுப் பட்டாவை வைத்துக் கடன் கேட்டால் மற்றவர்களின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். அந்தத் தொல்லை இருந்தாலும் பெயர் ஏறிவிட்டது என்பது பெரிய பலம். விண்ணப்பம் தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பட்டா பாஸ்புக் சட்டம் 1983-ன் கீழ் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அண்ணன் தன் பெயருக்கு மட்டும் பட்டாவை மாற்றிக்கொண்டாலும் மனம் உடைய வேண்டாம். பட்டா வருவாய்த் துறைப் பதிவுதான். அது மாறியதால் மட்டும் உங்கள் பங்கு போய்விடாது.

கணவர் இருக்கும்போதே மனைவி பெயருக்கு ஒரு பகுதியைத் தான செட்டில்மெண்ட் எழுதிவைப்பது இதையெல்லாம் விட எளிது. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தலா 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. புதிதாக நிலம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சலுகை: 1.4.2025 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

கோயில், மடத்து நிலங்களைக் குத்தகைக்குச் செய்யும் குடும்பங்கள் டெல்டாவில் ஏராளம். அங்கே பட்டாவுக்குப் பதில் குத்தகை ரசீதுதான் உயிர். 1955-ன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தானோ குடும்பத்தாரோ உடலுழைப்பைப் போட்டுப் பயிர் செய்யும் வாரிசையும் குத்தகைதாரராக ஏற்கிறது. கணவர் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே ரசீது வாங்கிக்கொண்டிருந்தால், நாளைக்கு "நீங்கள் யார்?" என்று கேட்பார்கள். முதல் போகத்திலேயே பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்து, உங்கள் பெயரில் ரசீது கேளுங்கள்.

சொந்தமாக ஒரு குழியும் இல்லாதவர்கள் கதை தனி. 25.12.1968-ல் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்துபோன கீழவெண்மணி இருக்கும் இதே மண்ணில்தான், காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, மிராசுகளிடம் நிலத்தை விலைக்கு வாங்கித் தலித் பெண்கள் பெயரிலேயே பதிந்து கொடுத்தார்கள். இன்றைக்கு ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்க, அரசின் ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான தாட்கோ வழியாக நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது. விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். விற்பவர் ஆதிதிராவிடராகவோ பழங்குடியினராகவோ இருக்கக் கூடாது என்பதை மறந்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

தனியாகப் போகும் பெண்ணை அலுவலகத்தில் நாளைக்கு வா என்று சொல்வது சுலபம். குழுவாகப் போனால் அப்படிச் சொல்ல வாய் வராது. மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்கி, ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதுங்கள்: யார் வீட்டுப் பட்டா யார் பெயரில், எந்தச் சான்று இல்லை, விண்ணப்ப எண் என்ன, எங்கே நிற்கிறது. ஐந்து குடும்பங்களின் மனுவை ஒன்றாகக் கொண்டுபோங்கள். கிராம சபையில் பட்டா மாறுதல் முகாம் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகுதான் நோட்டில் கையெழுத்து. வழக்கு வரை போனால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. வட்ட சட்டப்பணிகள் குழுவில் கேட்கலாம், 15100-க்கு அழைக்கலாம்.

மே, ஜூன் வாக்கில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி என்னும் வருடாந்திரக் கணக்குத் தணிக்கை நடக்கும். கிராமக் கணக்குகள் எல்லாம் மேசைக்கு வரும் நாட்கள் அவை. உங்கள் வருவாய்க் கிராமத்துக்கு எந்தத் தேதி என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.