ஜாகிர் என்றால் நிலமானியமா?

முகலாயப் பேரரசர் தம் அதிகாரிகளுக்கு நிலமானியம் கொடுத்தார், அதன் பெயர் ஜாகிர். போட்டித்தேர்வுக் கையேடுகள் இதைச் சொல்லிச் சலிப்பதே இல்லை; படிக்கிற நமக்குத்தான் சலிக்கிறது.

பாரசீகத்தில் 'ஜா' என்றால் இடம், 'கீர்' என்றால் பிடித்திருப்பது. தில்லி சுல்தான்கள் காலத்தில் ஏறத்தாழ இதே ஏற்பாட்டுக்கு இக்தா என்று பெயர். சொல்லின் பிறப்பு அவ்வளவுதான்.

மானியம் என்பது என்ன? கோயிலுக்கோ ஊர்த் தொழிலாளிக்கோ வரியைத் தள்ளியோ குறைத்தோ விட்ட நிலம். கல்வெட்டுகளில் வரும் இறையிலி இந்த வகைதான். வழிவழியாக அனுபவிக்கலாம். ஜாகிரில் நடப்பது நேர் எதிர். நிலம் உழவர் கையில்தான் இருக்கும். வரியும் தள்ளுபடி ஆகாது. கருவூலத்துக்குப் போக வேண்டிய அந்த வரியை மன்சப்தார், அதாவது மன்சப் என்ற பதவித் தரம் பெற்ற அதிகாரி, வாங்கிக்கொள்வார். அவருடைய சம்பளமும் குதிரைப்படைச் செலவும் அதில்தான். மூன்று நான்கு ஆண்டில் மாற்றல் வந்துவிடும். இறந்தால் மகனுக்குப் போகாது (ராஜபுத்திரர்கள் தம் சொந்த மண்ணில் வைத்திருந்த வதன் ஜாகிர் விதிவிலக்கு). மாற்றலாகிப் போவதை எந்த ஊரில் ஐயா மானியம் என்கிறார்கள்? உண்மையான மானியமும் முகலாயரிடம் இருந்தது: கல்விமான்களுக்கும் சமயப் பெரியவர்களுக்கும் கொடுத்த மதத்-இ-மாஷ். அதற்கு வேண்டிய சொல்லை இதற்குச் செலவழித்துவிட்டோம்.

போதாக்குறைக்கு, ஐரோப்பியப் பிரபுத்துவத்துக்கும் 'நிலமானிய முறை' என்றே எழுதுகிறார்கள். மாணவர் ஜாகிர்தாரைக் கோட்டை கட்டி வாழ்ந்த பரம்பரைப் பிரபு என்று நினைத்தால் குற்றம் அவருடையதா? ஜமீன்தாரும் ஜாகிர்தாரும் ஒன்றே என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். ஜமீன்தார் அந்த மண்ணிலேயே வேரூன்றியவர். ஜாகிர்தார் வந்து போகிறவர்.

சொல் தவறினால் பேரரசு தளர்ந்த கதையும் புரியாது. ஏட்டில் எழுதிய வரி மதிப்பு ஜமா. கைக்கு வந்தது ஹாசில். ஷாஜகான் காலத்திலேயே இடைவெளி பெரிதாகி, ஆண்டுச் சம்பளத்துக்கென்று கொடுத்த ஜாகிர் எத்தனை மாதச் சம்பளத்துக்குத் தேறும் என்று கணக்குப் போட்டார்கள். ஔரங்கசீப் 1686-ல் பீஜப்பூரையும் 1687-ல் கோல்கொண்டாவையும் பிடித்த பிறகு, தக்காணத்துப் பிரபுக்கள் பலருக்கு மன்சப் கிடைத்தது. அதற்கேற்ற ஜாகிர் கிடைக்காமல் பலர் காத்துக் கிடந்தார்கள். இதைத்தான் வரலாற்றாசிரியர்கள் ஜாகிர் நெருக்கடி என்கிறார்கள். 'நிலமானிய நெருக்கடி' என்று மொழிபெயர்த்தால் நிலம் தீர்ந்துபோனது போல ஒலிக்கிறது. தட்டுப்பாடு, ஒதுக்கிக் கொடுக்க வரி தேறும் ஊர்களுக்கு.

பிற்காலத்தில் பொருள் குழம்பியது உண்மை. 1763-ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்ததும் ஜாகிர் என்ற பெயரில்தான். அந்த ஜாகிர்தாருக்கு மாற்றலே வரவில்லை.

தமிழில் வேண்டுமென்றால் வரிப்பற்று என்பேன். சோழர் கல்வெட்டுகளில் ஜீவிதப்பற்று என்று ஒரு சொல் உண்டு, பணி செய்வோர் பிழைப்புக்காக ஒதுக்கியது. 'கீர்' சொல்வதையே 'பற்று'ம் சொல்கிறது. கணக்குப்பிள்ளைகள் பற்று வரவைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அதுவும் பிடிக்காதவர்கள் ஜாகிர் என்றே எழுதட்டும், மானியத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.