அண்ணம்: அன்னம் அன்று

பிறவியிலேயே வாயின் மேற்பகுதி பிளந்திருக்கும் குறைபாட்டைக் குறிக்க, மருத்துவ முகாம் அறிவிப்புகளிலும் நாளிதழ்ச் செய்திகளிலும் ‘அன்னப்பிளவு’ என்ற சொல் திரும்பத் திரும்ப அச்சாகிறது. அன்னம் என்றால் சோறு, அல்லது பறவை. இக்குறைபாட்டில் பிளந்திருப்பது இரண்டும் அன்று. அந்த உறுப்பின் பெயர் அண்ணம். ஆகவே அண்ணப்பிளவு என்பதே சரியான வழக்கு. இந்த எழுத்துப்பிழை எனக்குப் பெரிதும் உறுத்துவதற்குக் காரணம், அது ஒரு பொருள் பொதிந்த சொல்லை வெறும் ஓசையாக்கிவிடுகிறது என்பதே.

இரண்டு சொற்களையும் மெல்லச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு வாய்க்குள்ளேயே தெரியும். ‘அன்னம்’ என்னும்போது, இன்றைய பேச்சில், நாவின் நுனி மேற்பல்லின் ஈற்றோடு நின்றுவிடுகிறது. ‘அண்ணம்’ என்னும்போது நுனி பின்னோக்கி வளைந்து அந்த உறுப்பையே போய்த் தொடுகிறது. தன் பொருளைத் தானே சுட்டிக்காட்டும் சொற்கள் எந்த மொழியிலும் அரியவை.

சொல்லின் வேர் ‘அண்’ என்பது. மேல், மேற்பகுதி என்பது அதன் பொருள். உயர்ந்தோனைக் குறிக்கும் அண்ணல், தலையை மேல்நோக்கி நிமிர்த்துவதைக் குறிக்கும் அண்ணாத்தல், மேலெழுதலைக் குறிக்கும் அணர்தல் ஆகியவை அதன் உறவுகள். செம்பில் உதடு படாமல் நீர் அருந்துவதை ‘அண்ணாந்து குடிப்பது’ என்று இன்றும் சொல்கிறோம். திருவள்ளுவர் 255ஆம் குறளில் ‘ஊனுண்ண அண்ணாத்தல் செய்யாது அளறு’ என்கிறார். ஊன் உண்டவனை விழுங்கிய நரகம் அவனை வெளியே விடுவதற்கு மீண்டும் வாய் திறக்காது என்பது உரை. மேல்நோக்குதலைச் சொல்லும் வினை வாய்திறத்தலையும் சொல்ல வந்திருக்கிறது; வாயை அகலத் திறந்தால் மேலே தெரிவது அண்ணம்தானே.

இலக்கண நூல்களில் இச்சொல் மிகப் பழமையானது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலிக்கு வேண்டிய உறுப்புகளை எண்ணும்போது ‘பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும்’ என்கிறது. ‘ககார ஙகாரம் முதல்நா அண்ணம்’, ‘சகார ஞகாரம் இடைநா அண்ணம்’, ‘டகார ணகாரம் நுனிநா அண்ணம்’ என மூன்று நூற்பாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. இங்கே முதல் என்பது அடி, அதாவது தொண்டையை ஒட்டிய பகுதி. இன்றைய ஒலியியலார் உதட்டிலிருந்து உள்நோக்கி எண்ணுவதால் அதே இடத்தைக் கடையண்ணம் என்கிறார்கள். இதை அறியாத மாணவர், ககரம் முதல் அண்ணத்தில் பிறக்கிறதா, கடை அண்ணத்தில் பிறக்கிறதா என்று குழம்ப நேரிடும், இரண்டும் ஒன்றே. நன்னூலில் யகரத்தின் பிறப்பிடம் கூறுமிடத்து ‘அணம்’ என்ற குறுகிய வடிவமும் காணப்படுகிறது.

பிற மொழிகள் இவ்வுறுப்புக்குப் பெயர் வைத்த விதமும் கவனிக்கத்தக்கது. கிரேக்கர் வானத்தைக் குறிக்கும் ‘ஊரனோஸ்’ என்ற சொல்லையே அண்ணத்துக்கும் வழங்கினர். அண்ணச் சீரமைப்பு அறுவைக்கு வழங்கிய ‘யுரானோபிளாஸ்டி’ என்ற மருத்துவச் சொல்லில் அந்த வானம் இன்னும் இருக்கிறது. ரஷ்ய மொழியில் வானம் ‘நேபோ’, அண்ணம் ‘ந்யோபோ’. அவர்கள் கவிந்த வடிவத்தைக் கண்டு வானம் என்றார்கள். தமிழர் இருப்பிடத்தைக் கண்டு மேல் என்றார்கள். வடமொழியில் ‘தாலு’, தெலுங்கில் ‘அங்கிலி’, மலையாளத்தில் ‘அண்ணாக்கு’. இந்த அண்ணாக்கு தமிழில் உள்நாக்கைக் குறிப்பதால், மலையாள நூல்களிலிருந்து பெயர்ப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அண்ணத்தின் முன்பகுதி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, எலும்பாலானது. மேல்தாடை எலும்புகளின் கிடைத்தகடுகளும் அவற்றின் பின்னே உள்ள அண்ண எலும்புகளும் நடுக்கோட்டில் இணைந்து, வாயையும் மூக்கறையையும் பிரிக்கும் தளமாகின்றன. பின்பகுதி எலும்பற்ற தசை. அதன் நுனியில் உள்நாக்கு தொங்குகிறது. முன்னதை வன்அண்ணம் என்றும் பின்னதை மென்அண்ணம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். வல்லினம், மெல்லினம், வல்லரசு, மெல்லிசை என்று உயிரெழுத்தின் முன் புணரும் மரபு நம்மிடம் இருக்கையில், வல்லண்ணம், மெல்லண்ணம் என்பவையே இயல்பானவை என்பது என் கருத்து.

இந்தப் பெயர்களைத் தேர்வதற்கு ஓசையை விட வலுவான காரணமும் உண்டு: வல்லெழுத்தையும் மெல்லெழுத்தையும் பிரிப்பது மெல்லண்ணத்தின் அசைவே. க, ச, ட, த, ப, ற ஆகிய வல்லெழுத்துகளை ஒலிக்கும்போது மெல்லண்ணம் மேலெழுந்து மூக்குவழியை அடைக்கிறது. வாய்க்குள் காற்றின் அழுத்தம் கூடுகிறது. மெல்லெழுத்துகளுக்கு அது தாழ்ந்து, காற்றை மூக்கின் வழியே விடுகிறது. தொல்காப்பியர் மெல்லெழுத்து ஆறும் ‘மூக்கின் வளியிசை யாப்புறத் தோன்றும்’ என்றது இச்செயலின் விளைவைத்தான். அண்ணப்பிளவுள்ள குழந்தைக்கு இந்த அடைப்பு நிகழ்வதில்லை. காற்று எப்போதும் மூக்கில் கசிவதால் வல்லெழுத்துகள் வலுவிழந்து மெல்லெழுத்துகளின் பக்கம் சாய்கின்றன. ‘பாப்பா’ என்று சொல்ல முயலும் குழந்தையின் வாயில் அது ‘மாம்மா’ போல ஒலிக்கலாம். பால் குடிக்கையில் உறிஞ்சும் விசை கிடைப்பதில்லை. பால் மூக்கின் வழியே வருகிறது.

பிளவு உண்டாகும் விதத்தை விளக்கவும் ‘அண்’ என்ற அதே வேர் உதவுகிறது. கருவில் இரண்டு அண்ணத் தகடுகள் முதலில் நாவின் இருபுறமும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. நாக்கு தாழ்ந்து இடம் விட்டதும் அவை மேலெழுந்து கிடையாகி நடுவில் ஒட்டுகின்றன. 12ஆம் வாரத்துக்குள் இது முடிந்துவிடும். இந்த மேலெழுதலுக்கு அணர்தல் என்ற பழஞ்சொல்லையே கருவியல் பாடநூல்கள் எடுத்துக்கொள்ளலாம். தகடுகள் அணராமலோ ஒட்டாமலோ போனால் பிளவு. உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்றில் உதட்டுப்பிளவோ அண்ணப்பிளவோ இரண்டுமோ காணப்படுகிறது. மரபணுக்கள், தாய் புகைபிடித்தல், சில வலிப்பு மருந்துகள் ஆகியவை இதற்குத் தொடர்புடைய காரணங்கள். கிரகணத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ‘கிரகண மூளி’ என்ற பேச்சுவழக்குச் சொல் தாயின் மேல் பழியையும் குழந்தையின் மேல் இழிவையும் சுமத்துகிறது. அந்தச் சொல்லை விலக்கிவிட்டு, உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு என்று சொல்லப் பழக வேண்டும்.

‘மேலண்ணம்’ என்பது மிகைச்சொல், ஏனெனில் கீழண்ணம் என்று ஒன்று இல்லை. எளிய சொல் வேண்டுவோர் ‘மேல்வாய்’ என்று எழுதலாம். விவிலியத் தமிழில் நாவு ஒட்டிக்கொள்வது மேல்வாயில்தான். ஆங்கிலத்தில் அண்ணத்துக்குரிய சொல் சுவையறியும் திறனையும் குறிக்கும். அந்தப் பொருளில் வரும்போது தமிழில் அதை அண்ணம் என்று பெயர்க்கக் கூடாது, நாக்கு என்றே பெயர்க்க வேண்டும்.

தொண்டையைப் பார்க்க வேண்டிய மருத்துவர் ‘ஆ சொல்லுங்கள்’ என்பார். சொன்னதும் தாடை தாழ்கிறது, மெல்லண்ணம் உயர்கிறது, உள்நாக்கு மேலே போகிறது, அதன் பின்னால் தொண்டை தெரிகிறது. ‘அ ஆ ஆயிரண்டு அங்காந்து இயலும்’, அதாவது அ, ஆ இரண்டும் வாய் திறக்கப் பிறக்கும், என்ற தொல்காப்பிய நூற்பாவை அந்த அறையில் நாம் ஒவ்வொருவரும் செய்துகாட்டியிருக்கிறோம்.