அன்னக்கூடைச் சத்தமும் பூனைக்குட்டியின் கடிகாரமும்

நெத்திலி என்ற பூனைக்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது மே மாத நடுவில், மீன்பிடித் தடைக்காலத்தில். வடசென்னை ராயபுரத்தில் நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. தாய் திரும்பி வரவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு ஒல்லி. பெயர் வைத்தவர் எதிர்வீட்டு அக்கா. மீன் விற்பவருக்கு வேறென்ன பெயர் தோன்றும்?

முதல் சில வாரங்கள் இரவில் பெரிய தொந்தரவு இல்லை. ஜூன் 14-ஆம் தேதியோடு தடை முடிந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போயின. நாலைந்து நாளில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் சூடுபிடித்தது. அக்கா பழையபடி அதிகாலை மூன்று மணிக்கு அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார். திருப்பத்தில் அந்த அலுமினியக் கூடை இரும்புக் கைப்பிடியில் ஒருமுறை இடிக்கும். டங். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. குட்டி என் கால் கட்டைவிரலைக் கடிக்கும், திரைச்சீலையில் ஏறும், கதவருகே போய் நின்று கத்தும், மறுபடி கட்டைவிரலுக்கு வரும்.

பூனை இரவுப் பிராணி, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அது பாதிதான் சரி. பூனை அந்தி சந்தி நேரத்துப் பிராணி. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைக்கு எலியும் சிறு பறவையும்தான் இரை. அவை அதிகம் நடமாடுவது விடியலுக்கு முன்னும் பொழுது சாயும்போதும். நம்மூர்க் காட்டுப்பூனையான வெருகும் அப்படித்தான். ஒரு சங்கப் பாட்டில், மாலை நேரத்தில் வேலியோரம் வெருகு வர, மனைக்கோழி பதறிப்போய்க் குஞ்சுகளைக் கூவி அழைக்கும். வெருகு வரும் பொழுதைப் பாடியவர் சரியாகவே கவனித்திருக்கிறார்.

பூனையின் கண்ணும் அந்த அரைவெளிச்சத்துக்காகவே அமைந்தது. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. விழித்திரையில் சிக்காமல் போன ஒளியை அது திருப்பி அனுப்பி, இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறது. டார்ச் அடித்தால் பூனைக்கண் பச்சையாக மின்னுவது இதனால்தான். நமக்குத் தேவையான வெளிச்சத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதற்குப் போதும். ஜன்னல் வழியே விழும் தெருவிளக்கு வெளிச்சத்தில் நான் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறேன். அதற்கோ அது மைதானம்.

இத்தனைக்கும், தூக்கம் போதாத பிராணி அல்ல அது. இந்த வயதுக் குட்டி ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும். நம்மைப் போல ஒரே மூச்சாகத் தூங்காமல் துண்டுதுண்டாகத் தூங்குகிறது என்பதுதான் சிக்கல். ஆகவே அதைத் தூங்கவைப்பது எப்படி என்று கேட்பதில் பயனில்லை. எந்தத் துண்டு எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதே கேள்வி.

கட்டைவிரலுக்கு வருவோம். குட்டியின் விளையாட்டு என்று நாம் சொல்வது பெரும்பாலும் வேட்டையின் ஒத்திகை. பதுங்கும், பின்பாகத்தை ஆட்டும், பாயும், முன்கால்களால் கட்டிப்பிடித்துக் கடிக்கும், பின்கால்களால் உதைக்கும். எலியைப் பிடிக்கும் பூனையும் இதே வரிசையில்தான் செய்யும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சாரா ஹாலும் ஜான் பிராட்ஷாவும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1998-இல் வெளியான அவர்களது ஆய்வில், பசியோடு இருந்த பூனைகள் பொம்மையோடு இன்னும் மூர்க்கமாக விளையாடின. வெறும் பொழுதுபோக்காக இருந்தால் பசி அதைத் தூண்ட வேண்டிய அவசியமில்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது 2002-இல் வந்த அடுத்த ஆய்வு. ஒரே பொம்மையைச் சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பூனைக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது. உடனே தோற்றம் மாறுபட்ட இன்னொரு பொம்மையைக் கொடுத்தால் முதல் முறையைவிடத் தீவிரமாகப் பாய்கிறது. அதாவது, பூனைக்கு விளையாட்டு சலிக்கவில்லை. எவ்வளவு கடித்தாலும் கிழியாத, செத்துப்போகாத அந்தப் பொருள்தான் இரை அல்ல என்று தள்ளப்பட்டுவிட்டது. வேட்டை முடியவில்லை, நின்றிருக்கிறது.

முடிந்த வேட்டை எப்படி இருக்கும்? பிடிக்கும், தின்னும், முகத்தையும் காலையும் நக்கித் துடைத்துக்கொள்ளும், தூங்கும். இந்த நான்கும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். நானோ இரவு ஒன்பது மணிக்கே உணவு வைத்துவிட்டு, பத்தரை மணிக்கு விளையாட்டுக் காட்டிவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டிருந்தேன். கிளப்பிவிட்டுக் கைவிட்ட வேட்டை இருட்டில் என் விரலைத் தேடி வந்ததில் வியப்பில்லை. சுவரில் ஓடும் லேசர் ஒளிப்புள்ளி இந்தக் காரணத்தால்தான் எனக்கு ஆகாது. எத்தனை முறை பாய்ந்தாலும் நகத்தில் எதுவும் மாட்டாது.

சரி, மூன்று மணி ஏன்? இங்கேதான் அன்னக்கூடை வருகிறது. அக்கா ஆறரைக்குத் திரும்பும்போதும் கூடை அதே கைப்பிடியில் இடிக்கும். கம்பிக்கதவு வழியாக இரண்டு காரப்பொடி மீன் உள்ளே விழும். போகும் 'டங்' எது, வரும் 'டங்' எது என்று குட்டிக்கு என்ன தெரியும்? டங் என்றால் மீன். போதாததற்கு, உடலுக்குள் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. கண்நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் உள்ள ஒரு நரம்புக் கொத்து பகலையும் இரவையும் வைத்து நேரம் காக்கிறது. அந்தக் கொத்தைச் சிதைத்துவிட்ட எலிகள்கூட, தினமும் ஒரே நேரத்தில் உணவு வைத்தால், அதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே பரபரக்கத் தொடங்குவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தைக் கணிக்க உடலில் தனி ஏற்பாடு இருக்கிறது என்று பொருள். ஆறரை மணி மீனுக்கு உடல் நாலரை மணிக்கே தயாராகிவிடும். மூன்று மணி டங் அதை இன்னும் முன்னால் இழுத்துவிட்டது.

இதில் என் பங்கும் உண்டு. முதல் மூன்று இரவு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். நான்காம் இரவு எழுந்து கிண்ணத்தில் பால் ஊற்றினேன். இது இரட்டைத் தவறு. பால்குடி மறக்கும் குட்டிக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துகொண்டே போகும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கில்தான் முடியும். மறுநாள் காலை தரையைத் துடைத்தவன் நான்தான். அடுத்த தவறு இன்னும் மோசம். எப்போதாவது ஒருமுறை பலிக்கும் கத்தல், ஒவ்வொரு முறையும் பலிக்கும் கத்தலைவிட ஆழமாகப் பதியும். லாட்டரிச் சீட்டு வாங்குபவரைக் கேட்டால் தெரியும். பரிசை அடியோடு நிறுத்தினால் கத்தல் அடங்குவதற்கு முன்பு சில நாள் ஏறும். அந்த ஏற்றத்தில் மனமிளகினால், இன்னும் உரக்கக் கத்தினால்தான் கிடைக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

ஆகவே முதலில் அக்காவிடம் போனேன். மீனை என்னிடம் கொடுத்துவிடுங்கள், நான் வேகவைத்து எட்டு மணிக்கு வைக்கிறேன் என்றேன். சில வகை மீன்கள் பச்சையாக இருக்கும்போது அவற்றிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும்; வெந்தால் அது போய்விடும். அக்காவுக்கு மனம் வரவில்லை.

"வாயில்லாத ஜீவன், தம்பி. ஒரு மீன் போட்டால் என்ன குறைந்துவிடும்?"

"இதற்கா வாயில்லை, அக்கா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அடுத்தது இரவு. உணவைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளினோம். துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சிகள் நாலைந்தைச் சேர்த்துக் கட்டி, நுனியில் பழைய லுங்கித் துண்டு ஒன்றை முடிந்தேன். அதைக் குட்டியின் முகத்துக்கு நேரே ஆட்டினால் ஒன்றும் நடக்காது. எந்த எலியும் பூனையைப் பார்த்து ஓடி வராது. பாய் விளிம்புக்கு அடியில் பாதி மறையும்படி இழுத்து, நிறுத்தி, மெல்லச் சுரண்டும் சத்தம் எழுப்ப வேண்டும். அப்போது காது இரண்டும் முன்னால் திரும்பும், கண்மணி அகன்று கண் முழுக்கக் கறுப்பாகும். பின்பாகம் ஆடும். மூன்றில் ஒரு பாய்ச்சலாவது பலிக்க விட வேண்டும். நடுவில் குச்சியின் துணியை மாற்றுவேன். சவுத்தாம்ப்டன் பூனைகளுக்குப் பலித்தது ராயபுரத்திலும் பலிக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாய் திறந்து மூச்சு வாங்குவதற்கு முன்பே நிறுத்தி, கடைசியாக ஒருமுறை பிடிக்கவிட்டு, அந்த நிமிடமே அன்றைய பெரிய உணவை வைப்பேன். தின்றது, நக்கியது, சுருண்டது. சொல்லி வைத்தாற்போல.

ஒரு கண்டிப்பு: குச்சியில் நூல் கட்டவே கூடாது. எங்கள் பகுதியில் எந்த மூலையில் கைவைத்தாலும் வலை நைலான் கிடைக்கும், அல்லது பூ கட்டும் நூல் கிடைக்கும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. மாட்டிய நூல் உள்ளேதான் போகும். ஒரு முனை எங்கேனும் சிக்கிக்கொண்டால் குடல் அந்த நூலின்மேல் சுருங்கி அறுபடும். அறுவைச் சிகிச்சைவரை போகும் விஷயம் இது. விளையாட்டு முடிந்ததும் குச்சியையும் அலமாரிக்குள் வைத்துவிடுகிறேன்.

படுக்கும் இடமும் கவனிக்க வேண்டியதுதான். பூனை உடல் கூடுதலாக உழைக்காமல் இருக்கக்கூடிய வெப்பநிலை 30 முதல் 38 டிகிரி செல்சியஸ். நமக்கு இதமான மின்விசிறிக் காற்று அதற்குக் குளிர். நெத்திலி செட்டாப் பாக்ஸ் மேல் படுத்துக்கொண்டதன் ரகசியம் அதுதான். காற்று நேரே படாத மூலையில் ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே நான் உடுத்திய பழைய வேட்டி. துவைக்காமல் போட்டேன், மணம் தெரிந்த இடம் என்றால் கலக்கம் குறைகிறது.

முதல் ஐந்து இரவு நரகம். டங் கேட்டதும் கத்தல் முன்பைவிட நீண்டது. அடுத்த வீட்டிலிருந்து சுவரில் தட்டினார்கள். நீர் தெளிப்பது, அதட்டுவது இரண்டும் செய்யவில்லை. அதட்டலும் பூனைக்கு ஒருவகைக் கவனிப்புதான்; பயந்த குட்டியோ கட்டிலுக்கடியில் விழித்தே கிடக்கும். ஆறாம் நாளிலிருந்து கத்தல் குறைந்தது. இப்போது, ஜூலை நடுவில், டங் கேட்டால் ஒரு காது மட்டும் கதவுப் பக்கம் திரும்புகிறது. ஆறு மணிக்கு எழுகிறது. எழுந்தவுடன் உணவு வைப்பதில்லை. பல் துலக்கி, காப்பி குடித்து முடித்த பிறகுதான்.

இதனால் தீராத இரவுக் கத்தல் ஒன்று மிச்சம் இருக்கிறது. பெண் குட்டிகள் ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். அப்போது அடிவயிற்றிலிருந்து எழும் அந்த நீண்ட அழைப்புக்கு ஈர்க்குச்சியும் மீனும் பதிலாகாது; தெருவிலுள்ள கடுவன்கள் எல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். அக்கா நெத்திலியைத் தூக்கி வாலை நகர்த்திப் பார்த்துவிட்டு, பெட்டைதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மார்ச் இறுதியில் பிறந்திருக்கும் என்பது எங்கள் கணக்கு. காலண்டரில் ஆகஸ்ட் கடைசி வாரத்தை வட்டமிட்டு, வேப்பேரி கால்நடை மருத்துவமனை, கருத்தடை என்று எழுதியிருக்கிறேன். கொண்டுபோக மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்று வாங்க வேண்டும். அக்கா தன்னுடைய பழைய மீன் கூடையைத் தருகிறேன் என்கிறார்.