வகுப்பில் புரிந்தது, தாளில் வரவில்லை

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். முதல் தேர்வுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்த வாரத்தில் என் அறைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "வகுப்புல எல்லாம் புரிஞ்சுது சார், எழுத உட்கார்ந்தா ஒண்ணும் வரல." பள்ளியில் கணிதத்திலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் இவர்கள். சொல்வதும் பொய் இல்லை. நான் கரும்பலகையில் எழுதிய ஒவ்வொரு வரியும் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. அடுத்த வரியைத் தாங்களே எழுத வேண்டியிருந்தால் எங்கே தேடுவது என்பதுதான் தெரியவில்லை.

அறிவியல், கணிதப் பட்டப்படிப்புகளில் சேரப்போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். 'புரிந்துவிட்டது' என்ற உணர்வை முதலாண்டில் நம்பாதீர்கள். அந்த உணர்வை வைத்துப் படிப்பை அளந்துகொண்டிருந்தால், தேர்வுத் தாள் கைக்கு வரும்வரை நிலைமை தெரியாது.

பள்ளிக் கணிதத்தில் பெரும்பாலும் கேள்வியைப் பார்த்ததுமே எந்த முறை என்று தெரிந்துவிடும். முறை தெரிந்தால் விடை வந்துவிடும். கல்லூரியில் அந்த முறை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதே கேள்வியாகிவிடுகிறது. அடிமானமும் எக்ஸ், அடுக்கும் எக்ஸ் என்று ஒரு சார்பைக் கொடுத்து வகையிடச் சொன்னால், அடுக்கை முன்னால் கொண்டுவந்து, அடுக்கில் ஒன்றைக் குறைத்துச் சட்டென்று எழுதிவிடுகிறார்கள். அடுக்கு மாறிலியாக இருந்தால் மட்டுமே அந்த விதி செல்லும். இங்கே அடுக்கும் சேர்ந்து மாறுகிறது. மடக்கை (லாகரிதம்) எடுத்துத்தான் வகையிட வேண்டும். கவனியுங்கள், விதியை மறந்தவர் இந்தத் தவறைச் செய்வதில்லை. நன்றாக மனப்பாடமாக வைத்திருப்பவர்தான் செய்கிறார்.

முடிவிலித் தொடர்கள் நடத்தும்போது இது இன்னும் பளிச்சென்று தெரியும். உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போய்ப் பூச்சியத்தை நெருங்கினால், கூட்டுத்தொகை ஏதோ ஓர் எண்ணில் நின்றுவிடும் என்று பல மாணவர்கள் நம்பிக்கொண்டு வருகிறார்கள். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் தொடரை எடுத்துக்கொள்வோம். அதன் தொகை 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். அவ்வளவு மெதுவாக நகர்வதால், கணினியில் கூட்டிப் பார்க்கிறவர்களுக்கு அது எங்கேயோ நின்றுவிடும் என்ற நம்பிக்கை கூடத்தான் செய்யும். ஆனால் நிற்காது. 14-ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோல் ஒரேம் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைக் காட்டிவிட்டார். 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டினால் அரையைவிடப் பெரிது. அடுத்த நான்கு உறுப்புகளைக் கூட்டினாலும் அரையைவிடப் பெரிது. அதற்கடுத்த எட்டும் அப்படியே. அரைகள் வந்துகொண்டே இருந்தால் தொகை எந்த எண்ணில்தான் நிற்கும்?

அழகான நிரூபணம். வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள். சில நாள் கழித்து, 1 + 1/4 + 1/9 + 1/16 என்று வர்க்கங்களை வைத்து ஒரு தொடரைக் கொடுத்து, இது நிற்குமா என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். ஒரேம் செய்த அதே தொகுப்புதான் இங்கேயும் வேண்டும். இந்த முறை மேலிருந்து மட்டுப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். 1/4-ம் 1/9-ம் சேர்ந்து அரையைவிடச் சிறிது, அடுத்த நான்கும் சேர்ந்து காலைவிடச் சிறிது, அதற்கடுத்த எட்டு அரைக்காலைவிடச் சிறிது. ஆகவே மொத்தம் 2-ஐத் தாண்டாது. முதல் நிரூபணத்தை வரிகளாகப் படித்தவருக்கு இது புதுக் கணக்கு. எதற்காக அப்படித் தொகுத்தார் என்று கேட்டுக்கொண்டவருக்கு இது பழைய கணக்கு.

இடறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நுண்கணிதத்துக்குக் கறாரான அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சுக் கணிதர் கோஷி. அவரே 1821-இல் வெளியிட்ட பாடநூலில், தொடர்ச்சியான, அதாவது வரைபடம் எங்கும் அறுபடாத சார்புகளைக் கூட்டிக்கொண்டே போகும் தொடர் ஒருங்கினால், அதாவது ஒவ்வோர் எக்ஸிலும் ஓர் எண்ணில் நின்றால், அதன் தொகையும் தொடர்ச்சியான சார்பாகவே இருக்கும் என்று எழுதினார். 1826-இல் நார்வே நாட்டுக் கணிதர் ஏபெல், சைன் சார்புகளாலான ஒரு தொடரை எடுத்துக்காட்டி, இதற்கு விதிவிலக்கு இருக்கிறதே என்றார். அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்ததுதான் சீரான ஒருங்கல் என்ற கருத்து: தொடர் எல்லா எக்ஸிலும் ஒருசேரத் தன் தொகையை நெருங்க வேண்டும். அதன் வரையறையில் 'எல்லா எக்ஸுக்கும்' என்ற சொற்கள் எந்த இடத்தில் வருகின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்தச் சொற்களை இடம் மாற்றி எழுதும் மாணவர் எழுத்துப்பிழை செய்யவில்லை, வேறொரு கருத்தை எழுதிவிடுகிறார். வரையறைகளை நெட்டுருப் போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவற்றைத் துல்லியமாக எழுதத் தெரியாமல் நுண்கணிதத்தை நிரூபணங்களோடு படிக்கும் ரியல் அனாலிசிஸில் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது.

இயற்பியலிலும் இதே கதைதான். ஹார்வர்டில் முதலாண்டு இயற்பியல் நடத்திய எரிக் மசூர், 1990 வாக்கில் தன் மாணவர்களுக்கு விசையைப் பற்றிய அடிப்படைக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வைத்தார். பெரிய லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற கேள்விகள். இரண்டும் ஒன்றன்மீது ஒன்று சமமான விசையையே செலுத்தும் என்று சொல்லும் நியூட்டனின் மூன்றாம் விதி தெரியாதவர் அந்த வகுப்பில் எவரும் இல்லை. ஆனாலும் ஒரு மாணவி, நீங்கள் கற்பித்தபடி விடை எழுத வேண்டுமா, நான் நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு மசூர் தான் பாடம் நடத்தும் விதத்தையே மாற்றிக்கொண்டார். விதி ஓரிடத்திலும் நம்பிக்கை வேறிடத்திலும் குடியிருக்க முடியும் என்பதை ஆசிரியர்களான நாங்களும் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

சரி, எப்படித்தான் படிப்பது? 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள்: 56 விழுக்காடு, மற்றவர்களுக்கு 42. அவர்கள் எடுத்துக்கொண்டது கணிதம் அல்ல, உரைநடைப் பகுதிகள். ஆனாலும் நான் மாணவர்களிடம் காண்பதும் இதைத்தான். 2019-இல் ஹார்வர்டில் நடந்த இன்னோர் ஆய்வு பெற்றோரும் அறிய வேண்டியது. தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டிய இயற்பியல் மாணவர்கள், நல்ல விரிவுரையைக் கேட்டவர்களைவிடத் தேர்வில் அதிகம் பெற்றார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகத்தான் அவர்கள் உணர்ந்தார்கள். பிள்ளை கணக்கோடு திணறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இந்தப் படிப்பு இவனுக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தத் திணறலில்தான் அவன் படித்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே, அன்றைக்கு நடந்த பாடத்தை அன்றே குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு ஒரு வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். வரையறையை எழுதுங்கள். அதற்குப் பொருந்தும் ஓர் உதாரணமும், நூலிழையில் பொருந்தாமல் போகும் ஓர் உதாரணமும் சொந்தமாகத் தேடுங்கள். தேற்றத்தின் நிபந்தனைகளில் ஒன்றை நீக்கிவிட்டால் எந்த வரியில் நிரூபணம் உடைகிறது என்று பாருங்கள். விடைகளைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போடுவது படிப்பே இல்லை. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். தனியாக முயன்ற பிறகு நண்பர்களோடு உட்கார்ந்து ஒருவர் எழுதியதில் இன்னொருவர் ஓட்டை தேடுங்கள். முயல்வதற்கு முன்பே கூட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் போடுவார், மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

ஆய்வகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசல் சோதனையில் ஈர்ப்பு முடுக்கம் 9.5 வந்தால் அதை 9.8 ஆகத் திருத்தி எழுதாதீர்கள். நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தோம், வீச்சு பெரிதாகிவிட்டதா, அலைவுகளை எண்ணும்போது ஒன்று தவறியதா என்று தேடும் அரைமணி நேரத்துக்காகத்தான் அந்தச் சோதனையே பாடத்திட்டத்தில் இருக்கிறது.

நுண்கணிதத்தில் விழுகிறவர்களில் பலர் உண்மையில் வழுக்குவது பின்னங்களிலும் மடக்கைகளிலும் சமனிலிகளிலும்தான். விடுமுறையில் இந்த மூன்றையும் ஒருமுறை தேய்த்து எடுத்துவிட்டால், வகையிடலில் இருக்கும் பயம் பாதி போய்விடும்.

அப்புறம், ஆசிரியரின் அறைக்குப் போங்கள். முதல் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம், இரண்டாவது வாரமே போகலாம். போகும்போது நீங்கள் முயன்று நின்றுபோன தாளைக் கையோடு கொண்டுபோங்கள், அடித்தல் திருத்தலோடு. "எதுவும் புரியல சார்" என்று வருகிறவரிடம் எங்கிருந்து தொடங்குவதென்று எனக்கும் தெரியாது. "இந்த வரி வரைக்கும் வந்தேன் சார், இங்கே டெல்டாவை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு தெரியல" என்று வருகிறவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்தாலே போதும்.