ஏழு மாதத்து மாத்திரை

இரண்டு மாதத்துக்கு முன் பெரம்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா, ஃபைலோடு ஒரு மஞ்சப்பையையும் மேசையில் வைத்தார். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். எண்ணினேன், ஏழு மாதத்துக்கானவை. "தரையில உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியல டாக்டர். கட்டியத்தான் எடுத்தாச்சே, இது எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

அது அனஸ்ட்ரோசோல். ஈஆர் பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஒட்டும் இடம் செல்களில் உள்ள வகை மார்பகப் புற்றுநோய்க்கு அந்த ஹார்மோன்தான் தீனி. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்தும் எங்காவது சில செல்கள் ஒளிந்திருந்தால், அவற்றைப் பட்டினி போடுவதற்கே இந்த மாத்திரை. டமாக்ஸிஃபென், அந்த ஹார்மோன் செல்லில் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அனஸ்ட்ரோசோல், மாதவிடாய் நின்றவர்களின் உடம்பில் ஹார்மோன் சுரப்பதையே குறைத்துவிடும்.

இரண்டில் எது மேல்? 1996இல் தொடங்கிய அடாக் ஆய்வில் 9,366 பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு டமாக்ஸிஃபென், ஒன்றுக்கு அனஸ்ட்ரோசோல், மூன்றாவதுக்கு இரண்டும். வெறும் போலி மாத்திரை யாருக்கும் இல்லை. 'சோதனை எலியா நாங்க?' என்று பயப்படுபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன் என்றுதான் நாமும் நினைப்போம். ஆனால் டமாக்ஸிஃபென் மட்டும் சாப்பிட்டவர்களைவிட அதில் கூடுதல் பலன் இல்லை. அந்தப் பிரிவை நிறுத்திவிட்டார்கள். அனஸ்ட்ரோசோல் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது.

மூட்டு வலியும் எலும்பு முறிவும் அவர்களுக்குத்தான் அதிகம் என்று பதிவு செய்ததும் அதே ஆய்வுதான். அந்த அம்மாவிடம் யாரோ "வயசாச்சுல்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. முதல் சீட்டு எழுதும் நாளிலேயே இந்த வலியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். வலி நிஜம், அதற்கு வழியும் உண்டு.

அனஸ்ட்ரோசோல் வகை மாத்திரையால் மூட்டு வலி வந்த 121 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் 150 நிமிட நடை, இரண்டு நாள் எடைப் பயிற்சி என்று ஒரு வருடம் செய்தவர்களுக்கு வலி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்கும் அடங்காவிட்டால் மாத்திரையை மாற்றலாம். டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் நிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்துவது மட்டும் வேண்டாம். இந்த வகை நோய் 5 வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. டமாக்ஸிஃபெனை 5 வருடம் சாப்பிட்டால் அந்த 5 வருடத்தில் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகிறது. மாத்திரை முடிந்த பிறகும் அந்தக் காப்பு தொடர்கிறது.

சரி, அந்த அம்மாவுக்கு அதே வகையைச் சேர்ந்த எக்ஸிமெஸ்டேன் என்ற வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தேன். மொட்டை மாடியில் தினமும் நடக்கச் சொன்னேன். போன வாரம் வந்தார். வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் எழுந்திருக்க முடிகிறதாம். அட்டையை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு மாத்திரைக்கும் மேலே பேனாவில் கிழமை எழுதியிருந்தது. மகள் எழுதித் தந்தாளாம். செவ்வாய் வரை காலியாக இருந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.